குளிர்காலம் வந்தா வசந்தம் தூரத்துலயா இருக்கும்? ஷெல்லி கேட்டது நெஜமாவே கேள்விதானா?

உப்பளம்:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க வாசிக்கிறதோட சரி, இன்னைக்கு ஒரு எரிச்சல்ல எழுத வந்திருக்கேன்.

சாயங்காலம் வீட்ல பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிற புள்ளைங்க ஆறு பேருக்கு ட்யூஷன் எடுக்குறேன். இந்த வாரம் இங்கிலீஷ் கவிஞர் ஷெல்லியோட 'ஓட் டு தி வெஸ்ட் விண்ட்', மேக்காத்த கூப்பிட்டு பாடுற கவிதை, தலைப்புல நான் போட்டது அதோட கடைசி வரி. ஒரு பொண்ணு கைடு கொண்டு வந்துச்சு, அதுல கட்டம் கட்டி ஒரு டேபிள். குளிர்காலம் = அடக்குமுறை, வசந்தம் = புரட்சி, காத்து = மாற்றம், காஞ்ச இலை = பழைய சிந்தனை, விதை = புது சிந்தனை. கீழ ஒத்தை வரி, 'கவிஞர் நம்பிக்கையுடன் முடிக்கிறார்'. மேட்டர் ஓவர். அதையும் மஞ்சள் ஹைலைட்டர் அடிச்சு வச்சிருக்கு.

தப்புன்னு சொல்லிற முடியல, அதான் எரிச்சலே. ஆனா இந்த டேபிள கையில வச்சுக்கிட்டா கவிதைய படிக்கவே வேண்டாம்னு ஆயிருது. இவ்வளவு நம்பிக்கையா முடிக்கிற ஆளு எதுக்கு கடைசி வரிய கேள்விக்குறியில கொண்டு போய் நிறுத்தணும்? அதுவும் பதினாறு வரிக்கு முன்னாடிதான் 'வாழ்க்கையோட முள்ளுல விழுந்துட்டேன், ரத்தம் கொட்டுது'ன்னு கத்துனவரு. பதினாறு வரிக்குள்ள ஒரு மனுசனுக்கு நம்பிக்கை வந்துருமா? உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க.

சும்மா_வந்தவன்:
அக்கா அந்த டேபிள தூக்கி எறிஞ்சிராதீங்க, அதே டேபிள எழுதித்தான் நான் டிகிரி முடிச்சேன் :)

கணக்குவாத்தி:
எனக்கும் இலக்கியத்துக்கும் சம்பந்தம் கிடையாது, ப்ளஸ் டூவுக்கு கணக்கு எடுக்குறவன், தலைப்ப பாத்து உள்ள வந்தேன். ஒரே ஒரு டவுட்டுதான்.

பருவம்ங்கிறது சைக்கிள். போகும், வரும், மறுபடி போகும். வசந்தம் வரணும்னு யாரும் கொடி பிடிக்க வேண்டியதில்ல, பூமி சுத்துனா போதும். அரசாங்கம் அப்படியா மாறுது? அப்போ மக்களோட கஷ்டத்த கொண்டு போய் குளிர்காலத்தோட ஒப்பிடுறது 'பேசாம உக்காந்திரு, தானா விடியும்'னு சொல்ற மாதிரிதானே? இன்னொன்னு, குளிர் வந்தா வசந்தம் தூரத்துல இல்லன்னா, வசந்தம் வந்தா குளிரும் தூரத்துல இல்ல. அதே லாஜிக், அதே அளவு உண்மை. இதுல என்ன நம்பிக்கை இருக்கு? கோவிச்சுக்காதீங்க டீச்சர்.

உப்பளம்:
கோவம்லாம் இல்ல சார், நான் கேக்க நெனச்சத என்னை விட நல்லா கேட்டிருக்கீங்க. பழையபேனா சார் இருந்தா வாங்களேன்.

பழையபேனா:
கூப்பிட்டதுக்கு நன்றிம்மா. ரிட்டயர்டு ஆளு, நேரம் இருக்கு, கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல அந்த வருசத்த பாக்கணும். 1819 ஆகஸ்ட் 16, மான்செஸ்டர்ல செயின்ட் பீட்டர்ஸ் மைதானம். சுமார் 60,000 பேர் குடும்பம் குடும்பமா கூடியிருக்காங்க, ஓட்டுரிமை கேட்டு. அவ்வளவு பெரிய நெசவுத் தொழில் ஊருக்கு அன்னைக்கு பார்லிமென்ட்ல ஒரு உறுப்பினர் கூட கிடையாது. கூட்டத்துக்குள்ள குதிரைப்படைய விட்டாங்க, வாளோட. செத்தவங்க பதினஞ்சு பேருக்கு மேலயும் இருக்கலாம், காயம் பட்டவங்க நூத்துக்கணக்குல. நெப்போலியன் தோத்த வாட்டர்லூ யுத்தம் முடிஞ்சு நாலு வருசம்தான் ஆகியிருந்தது, அதனால கிண்டலா பீட்டர்லூன்னு பேர் வந்துச்சு.

ஷெல்லி அப்போ இத்தாலியில லிவோர்னோவுல இருக்கார், சேதி அவர் கைக்கு வர செப்டம்பர் 5 ஆயிருச்சு. உடனே உக்காந்து 'தி மாஸ்க் ஆஃப் அனார்க்கி' எழுதுறார், 'நீங்க நெறைய பேர், அவங்க கொஞ்சம் பேர்'னு முடியுமே, அதுதான். லண்டன்ல பத்திரிகை நடத்துன நண்பர் லீ ஹன்ட்டுக்கு அனுப்புறார். ஹன்ட் போடல. போட முடியாது, ஏற்கெனவே இளவரசரப் பத்தி எழுதி ரெண்டு வருசம் ஜெயில்ல இருந்துட்டு வந்த மனுசன். அந்தக் கவிதை அச்சுல வந்தது 1832ல, ஷெல்லி கடல்ல மூழ்கி செத்து பத்து வருசம் கழிச்சு.

இப்ப அந்த மேக்காத்து கவிதைக்கு வருவோம். அக்டோபர் கடைசி, ஃப்ளாரன்ஸ், ஆர்னோ ஆத்தங்கரையில இருக்கிற தோப்பு. மேக்காத்து மேகத்த எல்லாம் திரட்டிக்கிட்டு இருந்துச்சு, சாயங்காலம் ஆலங்கட்டி மழையும் இடியும் கொட்டுச்சுன்னு அவரே குறிப்பு எழுதியிருக்கார். எழுதுனது போய்ச்சேரல, வாய கட்டிப் போட்டாச்சு, அந்த நேரத்துல காத்துக்கிட்ட போய் 'என் வார்த்தைய கொண்டு போ'ன்னு கேக்குறார். கைடு 'காத்து = மாற்றம்'னு போட்டுட்டு இந்த இடத்த விட்டுருது. அந்தக் காத்து அவருக்கு தபால்காரன் மாதிரிம்மா.

சும்மா_வந்தவன்:
தபால்காரன்!! சார் இத காலேஜ்ல யாராவது சொல்லியிருந்தா நான் பெயிலாகாம இருந்திருப்பேன்.

கணக்குவாத்தி:
பழையபேனா சார், பின்னணி பிரமாதம், நெஜமாவே தெரியாது. ஆனா என் கேள்வி அப்படியே நிக்குது. சைக்கிள்.

மழைக்குருவி:
நைட் டூட்டி முடிச்சுட்டு பஸ்ஸுல இருந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. இங்கிலாந்துல நர்சா இருக்கேன், பதினோரு வருசமாச்சு.

வாத்தியார் சார், சைக்கிள் தானா சுத்தும்னு சொல்றீங்கல்ல? 1816ல சுத்தல. அதுக்கு முந்தின வருசம் ஏப்ரல்ல இப்போ இந்தோனேசியாவுல இருக்கிற தம்போரா எரிமலை வெடிச்சு, அந்தச் சாம்பலும் கந்தகமும் வானத்த மூடி, அடுத்த வருசம் ஐரோப்பாவுல கோடைகாலமே வரல. அமெரிக்காவுல வடகிழக்குப் பக்கம் ஜூன்ல பனி விழுந்துச்சு. விளைச்சல் போச்சு, ரொட்டி விலை ஏறுச்சு, இங்கிலாந்துல கலவரம். அந்த ஜூன் ஜூலைல ஷெல்லி, அவர் துணை மேரி, கவிஞர் பைரன் எல்லாரும் ஜெனீவா ஏரிக்கரையில மழைக்குள்ள அடைஞ்சு கிடந்தாங்க, மேரியோட நாவல் ஃப்ராங்கன்ஸ்டைன் அங்கதான் ஆரம்பிச்சது. பைரன் எழுதுன 'டார்க்னஸ்'ல காலை வருது, போகுது, மறுபடி வருது, ஆனா பகல் மட்டும் வரல.

எரிமலைதான் காரணம்னு அவங்க யாருக்கும் தெரியாது. அவங்களுக்கு தெரிஞ்சதெல்லாம் 'இந்த வருசம் கோடை வரல'. அப்படி ஒரு வருசத்த பாத்த ஆளு, மூணே வருசம் கழிச்சு, வசந்தம் வருமான்னு கேட்டா அதுல சந்தேகம் இல்லாம இருக்குமா?

கணக்குவாத்தி:
ஓ. இது எனக்கு புதுசு. கொஞ்சம் யோசிச்சுட்டு வரேன்.

உப்பளம்:
அக்கா, நீங்க அந்த ஊர்ல இருக்கிறதால கேக்குறேன், இந்த மேக்காத்து எப்படி இருக்கும்? எங்க புள்ளைங்களுக்கு ஆட்டம்ன்னு சொன்னா 'இலையுதிர்காலம்'னு மொழிபெயர்ப்பு மட்டும்தான் கையில இருக்கு, ஒரு படம் வர மாட்டேங்குது. நம்மூர்ல இலை கொட்டுறது வெயில் ஏறுற நேரத்துல, கொட்டின கொஞ்ச நாள்லயே தளிரும் வந்துருது. மேக்காத்துன்னா இங்க ஆடிக்காத்து, மண்ணை அள்ளி கண்ணுல போடும்.

மழைக்குருவி:
நானும் வந்த புதுசுல அப்படித்தான் நெனச்சேன், குளிர கொண்டு வர்ற காத்து போலன்னு. இல்ல. இங்க எலும்பு வரைக்கும் போறது கெழக்க இருந்து வர்ற காத்து. மேக்காத்து கடல்ல இருந்து வரும், ஈரம், கொஞ்சம் கதகதன்னு கூட இருக்கும், ஆனா வேகம்னா வேகம், குப்பைத்தொட்டிய உருட்டிக்கிட்டு தெரு முனை வரைக்கும் போகும். பழையபேனா சார் சொன்ன ஷெல்லி குறிப்புலயே அந்தக் காத்து மிதமாவும் உசுப்பி விடுற மாதிரியும் இருக்கும்னு சொல்றார். அதனால 'அழிக்கிறவனே, காக்கிறவனே'ன்னு ஒரே மூச்சுல அவர் கூப்பிடுறது எனக்கு சும்மா அணி அலங்காரமா தெரியல, ஒடம்புல பட்ட விசயமா தெரியுது.

இலையும் அப்படித்தான். அவர் நாலு நிறம் சொல்வார், மஞ்சள், கருப்பு, வெளிறுனது, அப்புறம் 'ஹெக்டிக்' சிவப்பு. அந்த வார்த்தை இப்ப 'பிசி'ங்கிற அர்த்தத்துல ஓடுது, அப்போ அது காசநோய்க்காரங்க கன்னத்துல வர்ற காய்ச்சல் சிவப்பு. அடுத்த வரியில 'கொள்ளைநோய் பிடிச்ச கூட்டம்'னே சொல்லிர்றார். எங்க வார்டுக்கு வெளிய நவம்பர்ல நடைபாதையில இலை நனைஞ்சு, மிதிபட்டு, கருப்பா கல்லோட ஒட்டிக்கிட்டு கிடக்கும், செருப்பால தேச்சாலும் வராது. முதல் வருசம் எனக்கு வீட்டு ஞாபகத்துல அழுகையா வரும், அந்த இலைய பாத்தாலே வரும். இதுல எங்க இருந்து விதைய பாத்தாரு மனுசன்னு இருக்கும்.

பழையபேனா:
மழைக்குருவி, அந்த விதைய பத்தி ஒன்னு சொல்லணும். சிறகு முளைச்ச விதைகள், குளிர்ந்த படுக்கையில, 'ஒவ்வொன்னும் கல்லறைக்குள்ள பிணம் மாதிரி'ன்னு எழுதுறார். விதைய யாராவது பிணத்தோட ஒப்பிடுவாங்களா? அந்த ஜூன்லதான் ரோம்ல அவரோட மூணு வயசுப் பையன் வில்லியம் காய்ச்சல்ல செத்துப்போனான். முந்தின வருசம் வெனிஸ்ல கைக்குழந்தை க்ளாரா. இத எழுதும்போது மேரி நிறைமாசம், நவம்பர் 12ல இன்னொரு பையன் பொறக்குறான், ஊர் பேரையே வச்சு பெர்சி ஃப்ளாரன்ஸ்னு கூப்பிட்டாங்க. கவிதைய வாழ்க்கைக் குறிப்பா மாத்துறது எனக்கு பிடிக்காது, முப்பது வருசமா க்ளாஸ்ல அதை எதிர்த்தே பேசியிருக்கேன். ஆனா இந்த ஒரு வரியில எனக்கு வேற வழி தெரியல.

உப்பளம்:
சார்... டேபிள்ல விதை = புது சிந்தனை.

சும்மா_வந்தவன்:
இதுக்கு ஜோக் எதுவும் வரல எனக்கு.

கணக்குவாத்தி:
யோசிச்சுட்டு வந்துட்டேன். எரிமலை பாயின்ட் ஒத்துக்குறேன். ஆனா அது இயற்கைல ஒரு விதிவிலக்கு, 1817ல கோடை திரும்பிருச்சுல்ல. என் அடிப்படை கேள்வி வரலாறு சைக்கிள் மாதிரி ஓடுமாங்கிறது. அதுக்கு யாரும் பதில் சொல்லல.

பழையபேனா:
விட மாட்டீங்க :) நல்லது, இதுக்கு பதில் ஷெல்லிக்கு முன்னாடி தலைமுறையில இருக்கு.

பிரெஞ்சுப் புரட்சிக்காரங்க செஞ்சது இதேதான் சார், பருவத்தையும் அரசியலையும் ஒன்னா தைச்சாங்க. 1793ல காலண்டரையே மாத்தி மாசத்துக்கெல்லாம் பருவத்து பேரு வச்சாங்க, முளை விடுற மாசம் ஜெர்மினால், பூக்குற மாசம் ஃப்ளோரியால், காத்து மாசம் வான்தோஸ், மூடுபனி மாசம் ப்ரூமேர், வெக்கை மாசம் தெர்மிடார். அதாவது புரட்சியும் வசந்தம் மாதிரி இயல்பா வந்தது, இனி போகாதுன்னு அர்த்தம். நடந்தது என்ன? 1794 தெர்மிடார்ல புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் தலை போச்சு. 1799 ப்ரூமேர்ல நெப்போலியன் ஆட்சிய பிடிச்சான், 1806 ஜனவரி 1ல இருந்து அந்தக் காலண்டரையே தூக்கிட்டான். 'அந்த விடியல்ல உயிரோட இருந்ததே பேரானந்தம்'னு எழுதுன இங்கிலீஷ் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், வயசானதும் அரசாங்கத்துப் பக்கம் சாஞ்சுட்டார்.

ஷெல்லி பொறந்தது 1792, குடியரசு அறிவிச்ச வருசம். வளந்ததெல்லாம் அது உடைஞ்சு கிடந்த காலத்துல. 'வசந்தம் வந்தாச்சு'ன்னு ஒரு தலைமுறையே சொல்லி ஏமாந்ததுக்கு அப்புறம் அதே உவமைய கையில எடுக்குறார். நீங்க சொன்ன ஆட்சேபம் அவருக்கு தெரியாததில்ல. தெரிஞ்சுதான் கேள்விக்குறி போட்டார்னு நான் நம்புறேன். இன்னொன்னும் பாருங்க, அவர் கைப்பிரதியில அந்தக் கடைசி வரி முதல்ல கேள்வியாவே இல்ல. 'குளிர்காலம் வரும்போது வசந்தம் ரொம்பப் பின்தங்குறதில்ல'ன்னு நேர் வாக்கியமா இருந்துச்சு. அத மாத்தி 'வரும்போது'ங்கிறத 'வந்தா'ன்னு ஆக்குனார், முடிவ கேள்வியாக்குனார்.

உப்பளம்:
நேர் வாக்கியத்த அடிச்சுட்டு கேள்வியா மாத்துனாரா!! சார் இது போதும் எனக்கு. கைடுல இருக்கிறது அவர் அடிச்சுப்போட்ட வரி.

பழையபேனா:
அதே மாதிரி இன்னொன்னும் இருக்கு. அதே வருசம் 'இங்கிலாந்து 1819'ன்னு ஒரு சானெட், பதினாலு வரிக் கவிதை. கிறுக்குப் புடிச்ச கெழட்டு ராஜா, சேறுல இருந்து வந்த சேறு மாதிரி இளவரசர்கள், ரத்தம் உறிஞ்சுற அட்டை மாதிரி மந்திரிங்க, பட்டினி கிடக்கிற ஜனம், இப்படி பன்னெண்டு வரிக்கு லிஸ்ட் போட்டுட்டு, 'இதெல்லாம் கல்லறைங்க, இதுல இருந்து ஒரு ஒளி பொருந்துன உருவம் வெடிச்சு வரலாம்'னு முடிப்பார். அந்த 'லாம்' இருக்குல்ல, இங்கிலீஷ்ல அது வரியோட கடைசியில தொங்கும், அடுத்த வரிக்கு போறதுக்குள்ள ஒரு மூச்சு நிக்கணும். 'வரும்'னு எழுத அவருக்கு கை வரல.

எட்டயபுரத்து_வெயில்:
லேட்டா வந்துட்டேன். எங்க ஊர்க்காரர் பேர் இல்லாம ஷெல்லி பேச்சு எப்படி? பாரதி இளவயசுல ஷெல்லிதாசன்னு புனைபேர் வச்சுக்கிட்டவர். 'புதிய ருஷியா'வுல ஜார் விழுந்தத எழுதும்போது பாருங்க, 'புயற்காற்றுஞ் சூறை தன்னில் திமுதிமென மரம்விழுந்து காடெல்லாம் விறகான செய்தி போலே'. அப்படியே ஷெல்லி காத்து இல்லையா இது?

பழையபேனா:
நல்ல இடத்த புடிச்சீங்க தம்பி, ஆனா அப்படியே இல்ல. ஷெல்லி காத்துல இலைதான் விழுது, மரம் நிக்குது. பாரதி காத்துல மரமே திமுதிமுன்னு விழுந்து விறகாயிருது. காரணம் சிம்பிள், பாரதி எழுதும்போது ஜார் விழுந்தாச்சு, 'வீழ்ந்துவிட்டான்'னு நடந்து முடிஞ்சதா சொல்லலாம், அவரே 'செய்தி'ன்னுதான் சொல்றார். ஷெல்லிக்கு எந்தச் செய்தியும் வரல, வந்த ஒரே செய்தி பீட்டர்லூ.

எட்டயபுரத்து_வெயில்:
சரிதான் ஐயா. மரம் - இலை வித்தியாசத்த நான் யோசிக்கவே இல்ல. நன்றி.

மழைக்குருவி:
தூங்கி எழுந்துட்டேன். எல்லாரும் ஷெல்லியையே தோள்ல தூக்குறீங்க, நான் அதே காலத்து இன்னொரு கவிஞர் கீட்ஸ் கட்சி. அதே 1819, செப்டம்பர் 19, வின்செஸ்டர் பக்கம் வயக்காட்டோரம் நடந்து போயிட்டு வந்து 'டு ஆட்டம்' எழுதுனார். ரெண்டு நாள் கழிச்சு நண்பருக்கு லெட்டர்ல, அறுப்பு முடிஞ்ச தாள் காடு என்னமோ கதகதப்பா தெரியுது, வசந்தத்தோட சில்லுன்னு இருக்கிற பச்சைய விட இது மேல்னு எழுதுறார். கவிதையில 'வசந்தத்தோட பாட்டெல்லாம் எங்க?'ன்னு கேட்டுட்டு, உடனே 'அத நெனைக்காத, உனக்குன்னு ஒரு சங்கீதம் இருக்கு'ன்னு ஆட்டம் கிட்ட சொல்வார். எனக்கு இதுதான் பெருசு. வராத ஒன்னுக்கு ஏங்காம இருக்கிறத முழுசா பாக்குறது. கடைசி வரியில தகைவிலான் குருவிங்க வானத்துல கூடி கத்தும், நானே பாத்திருக்கேன், செப்டம்பர்ல எங்க ஆஸ்பத்திரிக்கு பின்னாடி கரண்ட் கம்பியில வரிசையா உக்காந்து ஒரே சத்தமா இருக்கும், ஒரு நாள் காலையில பாத்தா கம்பி காலி. அவர் காலியான கம்பிய எழுதல, கூடுற வரைக்கும்தான் எழுதுனார்.

கணக்குவாத்தி:
இத ஒத்துக்க முடியாது. ஒரு மாசம் முன்னாடி ஜனங்கள குதிரை விட்டு மிதிச்சிருக்கான், இவரு ஆப்பிள் பழுத்திருக்கு, பூசணி பருத்திருக்குன்னு எழுதிக்கிட்டு இருந்தாரா? ஷெல்லியாவது கத்துனார்.

மழைக்குருவி:
சார் கோவப்படாதீங்க, அவருக்கு தெரியாம இல்ல. பீட்டர்லூ மேடையில பேச இருந்த ஹென்ரி ஹன்ட் (லீ ஹன்ட் வேற, இவர் வேற) ஜாமீன்ல வந்து செப்டம்பர் 13ல லண்டனுக்குள்ள நுழையிறார், தெரு ஃபுல்லா கூட்டம். கீட்ஸ் அன்னைக்கு லண்டன்லதான் இருந்தார், அந்தக் கூட்டத்த பத்தி தம்பிக்கு லெட்டர்ல எழுதியிருக்கார். ஆறு நாள் கழிச்சுதான் இந்தக் கவிதை.

பழையபேனா:
இதுல விமர்சகர்களே ரெண்டா நிக்குறாங்க. ஜெரோம் மக்கான், 1979ல, கீட்ஸ் வரலாறுல இருந்து ஒதுங்கிப் போனாருன்னு எழுதுனார். அதுக்கு மறுப்பா நிக்கலஸ் ரோ மாதிரி ஆட்கள் கவிதைக்குள்ளயே அரசியல் இருக்குன்னாங்க. கதிர் பொறுக்குற பொம்பளை மாதிரி ஆட்டம் வர்றா, ஏழைங்க சிந்துன கதிர் பொறுக்க சட்டப்படி உரிமை இல்லைன்னு 1788லயே கோர்ட்டு சொல்லிருச்சு, அதனால அந்த உருவமே ஒரு அரசியல்னு ஒரு வாதம். கதிர் பொறுக்குறது எனக்கு ஏத்துக்க முடியுது. 'சூரியனோட சேந்து சதி பண்ற'ங்கிற ஒரு சொல்ல வச்சுக்கிட்டு பீட்டர்லூவ கொண்டு வர்றது எனக்கு இழுவையா தெரியுது.

நான் பாக்குறது காத்த. கீட்ஸ் கவிதையிலயும் காத்து இருக்கு, யாரும் கவனிக்கிறதில்ல. ஆட்டம் களஞ்சியத்து தரையில உக்காந்திருக்கா, பதர் தூத்துற காத்து அவ முடிய மெதுவா தூக்குது. ஷெல்லி காத்து இலைய பேய் விரட்டுற மாதிரி விரட்டுது. ஒரே வருசம், ஒரே பருவம், ஒருத்தருக்கு விளைச்சல் வீடு வந்த பிறகு அடிக்கிற காத்து, இன்னொருத்தருக்கு இன்னும் விதைக்கவே இல்ல.

சும்மா_வந்தவன்:
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்னு கீட்ஸுக்கு யாரோ சொல்லியிருக்காங்க.

மழைக்குருவி:
ஹாஹா. ஆனா பாவம், அவருக்கு நெஜமாவே காத்து கொஞ்ச நேரம்தான் இருந்துச்சு. அடுத்த பிப்ரவரில இருமல்ல ரத்தம், அதுக்கு அடுத்த பிப்ரவரில ரோம்ல சாவு. வயசு 25.

உப்பளம்:
எனக்கு இப்ப வேற சிக்கல் வந்துருச்சு. நாளைக்கு அந்தக் கடைசி வரிய புள்ளைங்களுக்கு தமிழ்ல சொல்லணும். எப்படி சொன்னாலும் ஆறுதலா வந்து விழுது. 'குளிர்காலம் வந்துட்டா வசந்தம் வராமலா போகும்?' இத எங்க அம்மா சொல்ற மாதிரி இருக்கு, எனக்கு வேலை கிடைக்காம இருந்தப்ப 'கிடைக்காமலா போயிரும்'னு தட்டு கழுவிக்கிட்டே சொல்வாங்க, அதுல கேள்வியே கிடையாது, கண்டிப்பா கிடைக்கும்னு அர்த்தம்.

பழையபேனா:
அது நம்ம 'ஆ'வோட குணம்மா. 'தூரத்திலா இருக்கும்?'னு ஆகாரம் போட்டா பதில் உள்ளயே இருக்கு, 'இல்லவே இல்ல'ன்னு. 'தூரத்தில் இருக்குமோ?'ன்னு ஓகாரம் போட்டா கேக்குறவனுக்கே தெரியல. இங்கிலீஷ் வரி ரெண்டுக்கும் நடுவுல நிக்குது, அதுதான் தொல்லை. படிக்கிறவன் அன்னைக்கு இருக்கிற மனசுக்கு ஏத்த மாதிரி ஆகாரமாவும் படிக்கலாம், ஓகாரமாவும் படிக்கலாம்.

கணக்குவாத்தி:
சார், அப்போ ஓகாரம்தான் சரி. நிறைமாசம், ரெண்டு புள்ள போயிருச்சு, எழுதுனது அச்சாகல, ஊருல குதிரை விட்டு மிதிக்கிறான். அந்த நெலமையில எவனுக்கு 'வராமலா போகும்'னு சொல்ல வாய் வரும்?

மழைக்குருவி:
எனக்கு ஆகாரம் சார். அந்த நெலமையிலதான் வாய் வரும். வார்டுல ராத்திரி மூணு மணிக்கு 'விடியாமலா போகும் சிஸ்டர்'னு சொல்ற ஆளு யாரு தெரியுமா, ஆபரேஷனுக்கு காத்திருக்கிறவங்க. பக்கத்துல நாற்காலியில உக்காந்திருக்கிற சொந்தக்காரங்க சொல்ல மாட்டாங்க, அவங்க மணி பாப்பாங்க.

எட்டயபுரத்து_வெயில்:
இத படிச்சதும் அந்த 'கேள், ஓ கேள்' ஞாபகம் வருது. முதல் மூணு பகுதியும் அதுலதான் முடியும். முதல் பகுதி பதினாலு வரியும் ஒரே வாக்கியம், காத்தே, நீ இப்படி, நீ அப்படின்னு விளிச்சுக்கிட்டே போயி, கடைசியில வினை வர்ற எடத்துல வேற ஒன்னும் இல்ல, 'கேள்' மட்டும்தான். தனக்கு என்ன வேணும்னே நாலாவது பகுதி வரைக்கும் சொல்ல மாட்டார்.

பழையபேனா:
ஆமா. அத புள்ளைங்களுக்கு வாய் விட்டு வாசிச்சுக் காட்டுங்கம்மா, ஒரே மூச்சுல வாசிக்க முடியாது, மூச்சு வாங்கும். அடி அமைப்பும் அப்படித்தான், ஃப்ளாரன்ஸ்ல பொறந்த பழைய இத்தாலிக் கவிஞர் தாந்தே எழுதுன மூணு மூணு அடி அமைப்பு. முதல் மூணடில நடு அடி எந்த ஓசையில முடியுதோ, அந்த ஓசைய அடுத்த மூணடி ரெண்டு ஓரத்துலயும் எடுத்துக்கும். நம்ம அந்தாதிக்கு தூரத்து சொந்தம்னு வச்சுக்குங்க, அந்தாதியில சொல்லே திரும்பும், இங்க கடைசி ஓசை மட்டும், இயைபு மாதிரி. ஒன்னு முடியிறதுக்குள்ள அடுத்தது உள்ள கிடக்கும். விதைய பத்தி பேசுற கவிதைக்கு இத விட பொருத்தமா யாப்பு கிடைக்காது.

சும்மா_வந்தவன்:
அப்போ இலைன்னா பேப்பரா சார்? இங்கிலீஷ்ல புக்கோட தாளையும் இலைன்னுதானே சொல்லுவாங்க. 'என் செத்த சிந்தனைய காஞ்ச இலை மாதிரி உலகம் பூரா ஓட்டு'ங்கிறார்ல, அச்சாகாத கவிதையா அது?

பழையபேனா:
தம்பி, பெயிலானேன்னு இனிமே சொல்லாதீங்க. ஆமா, அந்த சிலேடைய நெறைய பேர் சொல்லியிருக்காங்க. தமிழ்ல நமக்கு 'இதழ்' இருக்கு, பூவுக்கும் பத்திரிகைக்கும். ஆனா இதழ் உதிர்ந்தா பூ போச்சு. அவருக்கு வேணும்கிறது உரமாகுற இலை.

உப்பளம்:
இப்பதான் க்ளாஸ் முடிஞ்சது, எல்லாருக்கும் நன்றி. போர்டுல ரெண்டையும் எழுதினேன்.

குளிர்காலம் வந்தால் வசந்தம் வெகுதூரத்திலா இருக்கும்?
குளிர்காலம் வந்தால் வசந்தம் வெகுதூரத்தில் இருக்குமோ?

எது ஷெல்லின்னு கேட்டேன். மூணு பேர் முதல் வரி, ரெண்டு பேர் ரெண்டாவது. கைடு கொண்டு வந்த பொண்ணு மட்டும் எதுக்கும் கை தூக்கல, பரிட்சையில எத எழுதணும்னு கேட்டுச்சு. டேபிள எழுது, மார்க்கு வரும், ஆனா கடைசி வரிய மட்டும் எழுதாதன்னேன். அது டேபிளுக்கு கீழ இருந்த 'நம்பிக்கையுடன் முடிக்கிறார்'ங்கிறத பென்சில்ல லேசா அடிச்சுச்சு, ரப்பர் வச்சு அழிக்கிற மாதிரி லேசா.

கணக்குவாத்தி:
மூணுக்கு ரெண்டு, ஒரு ஓட்டு செல்லாது. என் ஓட்டையும் சேத்துக்குங்க டீச்சர், ரெண்டாவது வரிக்கு. இப்ப மூணுக்கு மூணு. சைக்கிள் விசயத்துல மட்டும் நான் இன்னும் ஒத்துக்கல.

மழைக்குருவி:
என் ஓட்டு எங்க சார்? நாலுக்கு மூணு. பஸ் வந்துருச்சு, வரேன்.